சர்வர் ஏன் படுத்துக் கொள்கிறது?

"சர்வர் ஸ்லோ பாட்டி! நாளைக்கு வாங்க!"

இப்படிச் சொன்னார், கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த இளைஞர்.

சென்ற மாதம் ஒரு நாள், ஒரு சான்றிதழ் வாங்குவதற்காக நானும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. எழுபது வயதுக்குக் குறையாது. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, பாங்கி பாஸ் புத்தகம்.

பாட்டிக்கு விஷயம் புரியவில்லை.

"சர்வரா? அது யாரு தம்பி? அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த இளைஞரும் சிரித்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவளுக்கு அன்று ஒரு நாள் கூலி போயிற்று.

நானும் சிரித்தவன்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். பாட்டி கேட்டதில் என்ன தவறு? யார் அந்த சர்வர்? அவர் ஏன் இப்படிப் படுத்துக் கொள்கிறார்? அவரை எழுப்புவதற்கு வழி உண்டா?

உண்டு! உலகத்தின் பெரிய பணக்கார நாடு ஒன்று இதே தொல்லையில் மாட்டிக்கொண்டது. உலகமே பார்த்துச் சிரித்தது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் அந்த நாடு தலை நிமிர்ந்துவிட்டது. அது எப்படி?

இதோ விவரம்:

யார் இந்த சர்வர்?

சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர். இது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சர்வரும் ஏறக்குறைய அவரைப் போலத்தான். நாம் கேட்கிறோம். அது உள்ளே போய் எடுத்துக்கொண்டு வருகிறது.

கவுண்ட்டரில் இருப்பவர் பாட்டியின் எண்ணைத் தட்டுகிறார். அந்த எண், கம்பி வழியாக எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே ஒரு தகவல் களஞ்சியம் இருக்கிறது. இதற்கு 'டேட்டாபேஸ்' என்று பெயர். பெயர், ஊர், வயது, வருமானம் எல்லாம் அதில் வரிசை வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டலுக்குச் சமையல் அறை எப்படியோ, சர்வருக்கு இந்தக் களஞ்சியம் அப்படி.

ஓட்டலில் இட்லி வர அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன காரணம்?

கூட்டம் அதிகமாக இருக்கலாம். மாவு தீர்ந்துபோயிருக்கலாம். சமையல்காரர் ஒருவரே இருக்கலாம். இரண்டு பேர் ஒரே கரண்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டு நிற்கலாம்.

வெளியே உட்கார்ந்திருக்கிற நமக்கு எல்லாம் ஒன்றுதான். "இட்லி வரவில்லை!" அவ்வளவுதான்.

"சர்வர் ஸ்லோ" என்பதும் இப்படிப்பட்ட சொல்தான். அது நோயின் பெயர் அல்ல. நோயாளியின் முனகல்! "உடம்பு சரியில்லை" என்றால் எந்த டாக்டராவது மருந்து கொடுப்பாரா? "எங்கே வலி? எப்போது தொடங்கியது?" என்று கேட்கமாட்டாரா?

ஆறே ஆறு பேர்!

இனி அமெரிக்கக் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு மிக அதிகம். இன்ஷூரன்ஸ் இல்லாதவர் வியாதியில் விழுந்தால், வீடு வாசலை இழக்கவும் நேரிடும். இதை மாற்ற ஜனாதிபதி ஒபாமா ஒரு சட்டம் கொண்டுவந்தார். 2010-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அதில் கையெழுத்துப் போட்டார்.

இதன்படி, மக்கள் கம்ப்யூட்டரைத் திறந்து, பல கம்பெனிகளின் இன்ஷூரன்ஸ் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து, தங்களுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் உதவிப் பணமும் கொடுக்கும். இதற்காக 'ஹெல்த்கேர் டாட் கவ்' என்ற இணையதளம் கட்டப்பட்டது. 36 மாநிலங்களுக்கு இது ஒன்றுதான் வாசல்.

2013-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வாசல் திறந்தது.

முதல் நாளில் சுமார் 47 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் இன்ஷூரன்ஸ் எடுத்து முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

ஆறு லட்சமா? இல்லை.

ஆறாயிரமா? இல்லை.

ஆறே ஆறு பேர்!

அதிகாரிகள் கூட்டத்தில் எழுதிய குறிப்பு ஒன்றைப் பாராளுமன்றக் கமிட்டி பிறகு வெளியிட்டது. அதில்தான் இந்தக் கணக்கு இருந்தது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? பெயரைப் பதிவு செய்வதற்குள் திரை அப்படியே நின்றுபோனது. சிலருக்கு "பிறகு வாருங்கள்" என்று வந்தது. நம் பாட்டிக்குச் சொன்ன அதே பதில்!

கூட்டம்தான் காரணமா?

"எதிர்பாராத கூட்டம். அதுதான் காரணம்" என்று முதலில் சொன்னார்கள்.

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஒரே நேரத்தில் 50 ஆயிரம் முதல் 60 ஆயிரம் பேர் வரை வருவார்கள் என்று எண்ணியிருந்தார்கள். வந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர்.

ஆனால், அது முழு உண்மை அல்ல. நாளாக நாளாகக் கூட்டம் குறைந்தது. தளமோ அப்போதும் தவழ்ந்தது! திறப்பு விழாவுக்குச் சில நாளைக்கு முன்பு நடந்த சோதனையில், சில நூறு பேர் பாரத்தைக்கூட அது தாங்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

இந்தத் தளத்தைக் கட்டும் வேலையில் ஐம்பதுக்கும் அதிகமான கம்பெனிகள் ஈடுபட்டிருந்தன. ஒரு கம்பெனி கதவு செய்தது. இன்னொன்று ஜன்னல் செய்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தி, முதலில் இருந்து கடைசி வரை சோதித்துப் பார்த்தது கடைசி இரண்டு வாரத்தில்தான். அக்டோபர் 24-ந் தேதி பாராளுமன்றக் கமிட்டி முன்பு கம்பெனிக்காரர்களே இதை ஒப்புக்கொண்டார்கள்.

அக்டோபர் 30-ந் தேதி சுகாதார மந்திரி கேத்லீன் செபேலியஸ் பாராளுமன்றக் கமிட்டி முன்பு மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டால் மானம் ஓரளவு திரும்பும். சர்வர் எழுந்திருக்குமா?

கடிகாரம் இல்லாத சமையல் அறை

அக்டோபர் மாதம் மூன்றாவது வாரத்தில் இருந்து வெளியாட்கள் வரவழைக்கப்பட்டார்கள். இந்த வேலைக்குத் தலைவராக ஜெப்ரி ஜயன்ட்ஸ் நியமிக்கப்பட்டார். கூகுள் கம்பெனியில் பெரிய பெரிய சர்வர்களைப் பராமரித்து வந்த மைக்கி டிக்கர்சன் என்ற என்ஜினீயரும் வந்து சேர்ந்தார்.

அவர்கள் வந்தவுடன் என்ன செய்தார்கள்? புதிய யந்திரம் வாங்கினார்களா? அது பிறகு நடந்தது. முதலில் சில கேள்விகள் கேட்டார்கள்.

"இந்த நிமிடத்தில் தளத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"ஒரு பக்கம் திறக்க எத்தனை வினாடி ஆகிறது?"

"எந்த இடத்தில் போய் நிற்கிறது?"

இவற்றுக்கு ஒரே பார்வையில் பதில் காட்டும் பலகை அங்கே இல்லை! தளம் நடக்கிறதா, நொண்டுகிறதா, விழுந்து கிடக்கிறதா என்று அளந்து காட்ட எதுவும் ஒழுங்காக அமைக்கப்படவில்லை. பெரிய ஆஸ்பத்திரி கட்டிவிட்டு, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்க மறந்ததுபோல!

ஆகவே முதல் வேலையாக அளக்கும் கருவியை வைத்தார்கள். எது எத்தனை வினாடி எடுக்கிறது என்று அது விடாமல் எழுதியது. திரையில் கோடு போட்டுக் காட்டியது.

பிறகுதான் நோய் தெரிந்தது. ஒரு நோய் அல்ல, பல நோய்!

அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: திட்டங்களைச் சும்மா பார்க்க வந்தவர்கூட முதலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கடைக்குள் நுழைந்து விலை கேட்பதற்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதுபோல! ஆகவே எல்லாக் கூட்டமும் பெயர் பதியும் அந்த ஒரு வாசலில் வந்து முட்டியது.

இரண்டு: எல்லோரும் அடிக்கடி கேட்கிற தகவலுக்கும் ஒவ்வொரு தடவையும் சர்வர் களஞ்சியத்துக்குள் ஓடியது. ஓட்டலில் இப்படிச் செய்வார்களா? சாம்பாரை வாளியில் ஊற்றி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் சமையல் அறைக்கு ஓடினால் என்ன ஆகும்? அதுதான் அங்கே ஆயிற்று. அடிக்கடி கேட்பதை முன்னால் எடுத்து வைக்கும் ஏற்பாட்டுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'கேஷ்' என்று பெயர் சொல்லுகிறார்கள். அதைச் செய்தவுடனே வேகம் கூடியது.

8 வினாடி 1 வினாடி ஆனது

நவம்பர் 30-ந் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டங்களுக்கு டிக்கர்சன் சில விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அந்த விதிகளின் சாரம் இதுதான்: இந்த அறை தொல்லையைத் தீர்ப்பதற்கு. அடுத்தவர் மீது பழி போடுவதற்கு வேறு இடம் இருக்கிறது. இங்கே பெரிய பதவியில் இருப்பவர் பேச வேண்டாம். விஷயம் தெரிந்தவர் பேசட்டும். இன்னும் ஓரிரு நாளில் எது நம்மைக் கவிழ்க்குமோ, அதை மட்டும் முதலில் பார்ப்போம்.

பலன் என்ன?

டிசம்பர் 1-ந் தேதி அமெரிக்க அரசாங்கம் ஒரு கணக்கு வெளியிட்டது. 400-க்கு மேற்பட்ட கோளாறுகள் சரி செய்யப்பட்டன. அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு பக்கம் திறக்க சராசரி 8 வினாடி ஆனது. இப்போது 1 வினாடிக்கும் குறைவு. முன்பு 100 தடவை கேட்டால் 6 தடவை தவறு வந்தது. இப்போது 1 தடவைகூட இல்லை. ஒரே நேரத்தில் 50 ஆயிரம் பேர் வந்தாலும் தாங்கும்.

புதிய யந்திரங்களும் வாங்கத்தான் செய்தார்கள். ஆனால் எது, எங்கே, எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்கினார்கள்.

முதல் மாதம் இந்தத் தளத்தின் வழியாகத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் 26,794 பேர்தான். 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்தக் கணக்கு 54 லட்சத்தைத் தாண்டியது!

இவ்வளவுக்கும் அடித்தளம் எது? அளந்ததும், எழுதியதும்தான்.

மரக்கட்டையும் வேகமும்

இப்படி எழுதி வைப்பதற்குக் கம்ப்யூட்டர் உலகில் 'லாக்' என்று பெயர். பூட்டுக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே ஓசையில் ஒரு சொல் உண்டு. அது வேறு. இது வேறு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கடலில் இருந்து வந்தது!

'லாக்' என்றால் மரக்கட்டை. பழைய காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுகள் இருக்கும். மணல் கடிகாரத்தில் மணல் விழுந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள். அதுதான் 'லாக்' புத்தகம். இன்றும் கப்பலின் வேகத்தை 'நாட்', அதாவது 'முடிச்சு' என்ற கணக்கில்தான் சொல்லுகிறார்கள்.

பார்த்தீர்களா! இந்தச் சொல் பிறந்ததே வேகத்தை அளப்பதற்காக.

இன்றைய சர்வரின் லாக் என்ன எழுதுகிறது? எத்தனை மணிக்குக் கேட்டார்கள்? எங்கிருந்து கேட்டார்கள்? என்ன கேட்டார்கள்? எத்தனை வினாடி ஆயிற்று? பதில் கிடைத்ததா, இல்லையா? இவ்வளவுதான். ரேஷன் கடைக்காரர் எழுதும் நோட்டைவிடப் பெரிய வித்தை ஒன்றும் இதில் இல்லை.

எழுதச் சொன்னால்தான் எழுதும்

உலகத்தில் ஏராளமான ஆபீஸ்களில் இருக்கும் களஞ்சியங்களில் 'மைஎஸ்கியூஎல்' ஒன்று. 'போஸ்ட்கிரெஸ்' இன்னொன்று. நேரம் அதிகமாகும் கேள்விகளைத் தனியாக எழுதி வைக்கும் வசதி இரண்டிலும் உண்டு. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. வசதிக்கும் தனிப் பணம் இல்லை.

ஆனால், ஒரு விஷயம். புதிதாக வைத்தவுடன் இந்த வசதி தானாக ஓடாது! மூடியே இருக்கும். "எழுது" என்று ஒருவர் சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல்-லில் திறந்துவிட்டாலும், 10 வினாடிக்கு மேல் ஆனால்தான் எழுதும் என்று வைத்திருக்கிறார்கள். கவுண்ட்டரில் நிற்கிறவருக்கு 9 வினாடி என்பது நீண்ட நேரம் இல்லையா? ஆகவே அதை 1 வினாடி என்று குறைத்து வைப்பது நல்லது.

எழுதத் தொடங்கிச் சில நாள் ஆனதும், அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். படித்தால் என்ன தெரியும்?

முதலாவதாக, தேடும் முறை தெரியும். 10 லட்சம் பெயர் உள்ள ஒரு புத்தகத்தில் பாட்டியின் பெயரைத் தேட வேண்டும். பெயர்கள் கலைந்து கிடந்தால் முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை புரட்ட வேண்டும். அகர வரிசையில் இருந்தால்? நடுப்பக்கத்தைத் திற. முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார். மீதியில் பாதியைத் தள்ளு. இப்படியே செய்தால் 20 தடவையில் பெயர் கிடைத்துவிடும்! அகராதியில் நாம் சொல் தேடுவது இப்படித்தான். கம்ப்யூட்டரில் இதற்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர். இதை அமைக்காமல் விட்டு, "சர்வர் ஸ்லோ" என்று புலம்புகிற இடங்கள் ஏராளம்.

இரண்டாவதாக, காத்திருப்பு தெரியும். ஒரே பேரேட்டில் ஒருவர் எழுதும்போது, அதே வரியில் இன்னொருவர் எழுதக்கூடாது. எழுதினால் ஒரே ரெயில் படுக்கை இரண்டு பேருக்குப் போய்விடும். அதனால் எழுதுகிறவர் அந்த இடத்தைப் பூட்டிக்கொள்கிறார். இது அவசியம். ஆனால், பூட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டால்? பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். சில சமயம் ஒரு தவறான புரோகிராம் இப்படித்தான் டீ குடிக்கப் போய்விடுகிறது.

மூன்றாவதாக, நேரம் தெரியும். தினமும் காலை 11 மணிக்கு மட்டும் சர்வர் திணறுகிறது என்றால், அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மேல் அதிகாரிக்கு அனுப்பும் பெரிய அறிக்கை அப்போது தயாராகலாம். அதை இரவு 11 மணிக்கு மாற்றினால் போதும். காலணா செலவில்லை!

எது பெரிய திருடன்?

இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு கேள்விக்கு 30 வினாடி ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அது வருகிறது. இன்னொரு கேள்விக்கு ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. ஆனால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை வருகிறது. இரண்டில் எது பெரிய திருடன்?

முதலாவது திருடுவது 30 வினாடி. இரண்டாவது திருடுவது 20 ஆயிரம் வினாடி. அதாவது ஐந்தரை மணி நேரம்!

ஆகவே எது ஒரு தடவையில் அதிக நேரம் எடுத்தது என்று மட்டும் பார்க்கக்கூடாது. மொத்தமாக எது அதிகம் தின்றது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும், சின்னக் கேள்விகளையும் விடாமல் எழுதச் சொல்லிப் பார்த்தால் இது வெளியே வரும்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மாற்றிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். மூன்று மருந்தை ஒரே வேளையில் கொடுத்தால், எந்த மருந்தால் குணமாயிற்று என்று யாருக்குத் தெரியும்?

எழுதுவதிலும் ஆபத்து உண்டு

அப்படியானால் எல்லாவற்றையும், எப்போதும் எழுதிக்கொண்டே இருக்கலாமா?

கூடாது! எழுதுவதற்கும் நேரம் பிடிக்கும். இடமும் பிடிக்கும். பழைய குறிப்புகளை அவ்வப்போது எடுத்து வேறு இடத்தில் வைக்காவிட்டால், இடம் நிறைந்து, அந்தக் குறிப்பே சர்வரை நிறுத்திவிடும். பேதி மருந்து அதிகமானால் நோயாளி படுத்துவிடுவதுபோல.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எழுதக்கூடாததை எழுதிவிடுவது!

2018-ம் ஆண்டு மே மாதம், அன்று ட்விட்டர் என்ற பெயரில் இருந்த கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. மக்களின் ரகசியச் சொற்கள் மறைக்கப்படாமல் தன்னுடைய உள் குறிப்பில் எழுதப்பட்டு வந்தன என்று அதுவே ஒப்புக்கொண்டது. 33 கோடிப் பேரிடம், "ரகசியச் சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டது. பேஸ்புக் கம்பெனியும் ரகசியச் சொற்களை மறைக்காமல் தன் உள் கம்ப்யூட்டர்களில் வைத்திருந்தது 2019-ல் தெரியவந்தது. இதற்காக 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அயர்லாந்து நாட்டு அதிகாரிகள், அதன் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள்.

யார் வந்தார், எப்போது வந்தார் என்று வாட்ச்மேன் எழுதலாம். அவர் பெட்டிச் சாவியின் அச்சை எழுதி வைக்கலாமா?

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இது சட்ட விஷயம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் ஆபத்துகளைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசாங்க அமைப்பு, 2022-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி ஒரு உத்தரவு போட்டது. கம்பெனிகளும் அரசாங்க ஆபீஸ்களும் தங்கள் கம்ப்யூட்டர்களின் லாக் குறிப்புகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டர்களின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது.

கடிகாரம் எதற்கு? ஒரு சர்வர் 10 மணி என்கிறது. இன்னொன்று அதே நிமிடத்தை 10 மணி 7 நிமிடம் என்கிறது. அப்போது எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த உத்தரவு முக்கியமாகத் திருட்டையும் தாக்குதலையும் கண்டுபிடிப்பதற்காக வந்தது. ஆனாலும், அதே பழக்கம் தாமதத்தைக் கண்டுபிடிக்கவும் உதவும். ஒரு நிபந்தனை. எழுதி வைத்ததை யாராவது படிக்க வேண்டும்! படிக்காத குறிப்பு, பிரிக்காத கடிதம் மாதிரி.

பாட்டியின் கணக்கு

மறுபடியும் பாட்டியிடம் வருவோம்.

அன்று அந்த ஆபீசில் எத்தனை சான்றிதழ் கொடுத்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கும். ஏனென்றால், கொடுத்தால் பதிவாகும். பாட்டி வந்தாள், நின்றாள், திரும்பிப் போனாள் என்பதற்குக் கணக்கு இருக்கிறதா?

நான் பார்த்தவரையில் இல்லை. கவுண்ட்டர் இளைஞர் எதையும் எழுதவில்லை. ஆகவே, அந்த ஆபீசின் கணக்குப்படி பாட்டி அன்று வரவே இல்லை! அவளுடைய ஒரு நாள் கூலியும் போகவே இல்லை.

அமெரிக்காவில் அந்த முதல் நாளில் 6 பேர் என்ற எண் எல்லோரையும் ஏன் உலுக்கியது? பக்கத்தில் 47 லட்சம் என்ற எண்ணும் இருந்ததால்தான். 6 என்ற எண் மட்டும் இருந்தால், "பரவாயில்லை, 6 பேருக்கு வேலை முடிந்தது" என்று சொல்லியிருப்பார்கள்!

கவுண்ட்டரில் இருக்கும் இளைஞர் மீது கோபப்பட்டுப் பயன் இல்லை. சர்வர் அவர் கையில் இல்லை. அதுவும் நம்மைப் போல அவரையும் காக்க வைக்கிறது. ஆனால், அவர் கையில் ஒரு பேனா இருக்கிறது. 40 பக்க நோட்டு ஒன்று போதும். சர்வர் எத்தனை மணிக்கு நின்றது? எத்தனை மணிக்கு எழுந்தது? எந்த வேலையைச் செய்யும்போது நின்றது? எத்தனை பேர் திரும்பிப் போனார்கள்? ஒரு மாதம் எழுதினால், என்ஜினீயருக்கு அந்த நோட்டு ஒரு பொக்கிஷம். கம்ப்யூட்டர் எழுதும் குறிப்பையும் இந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நோய் தானாகவே வெளியே வரும்.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த தடவை, "சர்வர் ஸ்லோ" என்று சொன்னால், சிரித்துவிட்டுத் திரும்ப வேண்டாம். சண்டையும் போட வேண்டாம். "எத்தனை மணியில் இருந்து தம்பி? நான் வந்ததை எழுதிக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாகக் கேட்போம். 2005-ம் ஆண்டு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரசாங்க ஆபீசில் எழுதி வைத்திருக்கும் விவரத்தை நாம் கேட்டு வாங்கலாம். எழுதியே வைக்காததை எந்தச் சட்டத்தில் கேட்பது?

"அவரு எப்ப வருவாரு?" என்று பாட்டி கேட்டாள்.

அது நல்ல கேள்வி. நேரத்தைக் கேட்கும் கேள்வி. அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் அந்தத் தளத்தைச் சரிசெய்ய வந்த என்ஜினீயர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

அவர்களுக்குப் பதில் கிடைத்தது. பாட்டிக்கும் கிடைக்க வேண்டாமா?